ஆளை எடுக்க வண்டியை அறுத்தோம்

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை நாலேகால் மணிக்கு என் மகள் ஆதிரா கைபேசியில் கூப்பிட்டாள். அதுவரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நான் பாறசாலை வீட்டின் பின்பக்கம் தென்னைக்கு உப்பு வைத்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா, முதல்ல முழுசா கேளுங்க," என்றாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள். "பனச்சமூட்டுப் பக்கம் பாறைக்குழி விளிம்பில ஒரு வண்டி தொங்குது. உள்ள ஒரு ஆளு உண்டு. எனக்க ஜீப்புக் கயிறுலயாக்கும் அது நிக்குது. எனக்குப் பிரேக்கில இருந்து காலெ எடுக்க முடியாது. கொஞ்சம் வாறீங்களா?"

பேருந்து போய்விட்டது, வந்து கூட்டிப் போங்கள் என்று கேட்பதுபோலத்தான் கேட்டாள். கேரளத் தீயணைப்பு, மீட்புத் துறையில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்து, நிலைய உதவி அதிகாரியாக ஓய்வு பெற்றவன் நான். எத்தனையோ பேரின் பதற்றமான அழைப்புகளை எடுத்திருக்கிறேன். பதறாமல் வந்த அந்த அழைப்பைக் கேட்டதும் உப்பை அப்படியே போட்டுவிட்டுக் கார்ச் சாவியை எடுத்தேன்.

எல்லையோர நிலையங்களில் இப்போது வேலை பார்க்கும் இளையவர்கள் சிலர், பயிற்சி வகுப்பில் வாசிப்பதற்காக அந்த நாளைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டார்கள். இப்படிப்பட்ட அழைப்புகள் இப்போது கூடிவிட்டனவாம். விலை கூடிய வண்டிகளை வேண்டுமென்றே உடைத்து, உருட்டி, தண்ணீரில் இறக்கிப் படம் பிடித்து இணையத்தில் போடுகிறவர்கள் கடைசியில் கூப்பிடுவது நம்மைத்தான். ஆனால் அந்த ஒரு நாளை மட்டும் எழுதினால் அது விளங்காது. நானும் என் வேலைக்காலம் முழுக்க விலை கூடிய வண்டிகளை உடைத்தவன்தான். எதற்கு உடைத்தோம், எப்படி உடைத்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

திருச்சூரில் பயிற்சி. ஓடினோம், ஏறினோம், குழாய் சுருட்டினோம், திட்டு வாங்கினோம். அதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. வேலையை நான் கற்றது பாஸ்கரன் சாரிடம். என்னுடைய முதல் நிலைய அதிகாரி அவர். நெய்யாற்றின்கரைக்காரர். ஒல்லியான ஆள். தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிப்பார், திட்டும்போது மட்டும் முழுக்கத் தமிழ்.

விபத்து நடந்த இடத்தில் வண்டி நின்றதும் நாங்கள் குதித்து ஓடுவோம். அவர் நடந்துதான் வருவார். ஓடாதே என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் அவர் வந்து சேரும்வரை எதையும் தொட அனுமதி இல்லை என்பதால், ஓடிப்போய் நிற்பவன் முட்டாளாகத் தெரிவான். இரண்டு மூன்று விபத்துகளுக்குப் பிறகு நாங்களும் நடக்க ஆரம்பித்தோம்.

அவர் செய்வது எப்போதும் ஒரே வரிசையில் இருக்கும். உள்ளே எத்தனை பேர் என்று கேட்பார். நொறுங்கிய வண்டியை ஒருமுறை முழுதாகச் சுற்றுவார். குனிந்து அடியில் பார்ப்பார். எரிபொருள் வாசனை வருகிறதா என்று மூக்கை உறிஞ்சுவார். மேலே மின்கம்பி அறுந்து கிடக்கிறதா என்று பார்ப்பார். பிறகு சக்கரங்களுக்குக் கல்லும் கட்டையும் கொடுத்து வண்டி அசையாதபடி ஆக்கச் சொல்வார். பேட்டரி இணைப்பைப் பிரிப்பது அடுத்தது. அதற்குப் பிறகும் வெட்டும் கருவி வெளியே வராது. எங்களில் ஒருவன் உடைந்த ஜன்னல் வழியாகவாவது உள்ளே நுழைந்து, சிக்கிக்கொண்டவரின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். அவனுக்கு இன்னொரு வேலையும் உண்டு. வெளியே நாங்கள் செய்யப்போவதை ஒவ்வொன்றாக முன்கூட்டியே சொல்ல வேண்டும். இப்போது கண்ணாடி உடையும், அது நாங்கள்தான். இப்போது தகரம் கிழிகிற சத்தம் வரும், அதுவும் நாங்கள்தான். சொல்லாமல் ஒரு சத்தம் எழுந்தால் சார் வேலையை நிறுத்திவிட்டு உள்ளே இருக்கிற எங்கள் ஆளைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்து நான் வாய் ஓயாமல் பேசக் கற்றுக்கொண்டேன்.

அமரவிளைப் பக்கம் ஒரு நாள் காலையில், நின்றிருந்த டிப்பர் லாரியின் அடியில் ஒரு புதிய கார் புகுந்துவிட்டது. வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்தவர் வாங்கிய கார். இருக்கைகளின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் கழற்றவில்லை. ஓட்டியவர் தப்பித்து வெளியே வந்துவிட்டார். அவருடைய மனைவியின் கால்கள் டாஷ்போர்டுக்கு அடியில் மாட்டியிருந்தன. நாங்கள் கருவியை எடுத்ததும் ஓட்டியவரின் தம்பி பாஸ்கரன் சாரின் கையைப் பிடித்துக்கொண்டான். கதவை மட்டும் நெம்பினால் போதும், கூரையை வெட்ட வேண்டாம், வண்டி வாங்கி ஒரு மாதம் ஆகவில்லை என்று கெஞ்சினான். அவன் கெட்டவன் இல்லை. உள்ளே அண்ணி முனகுவது அவன் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் கண் வண்டியைத்தான் பார்த்தது.

சார் அவன் கையை மெதுவாக விலக்கினார். "நீ அந்தக் கடைப்பக்கம் போய் நில்லு மக்கா. வெட்டுறதெ பாக்கண்டாம்."

கூரையின் தூண்களை அறுத்து, மூடியைத் திறப்பதுபோலக் கூரையைப் பின்னால் மடித்தோம். அந்த அம்மாவைத் தூக்குப் பலகையில் கிடத்தி நேராக மேலே தூக்கினோம். சில வாரம் கழித்து அதே தம்பி நிலையத்துக்கு வந்தான். கூரையை வெட்டியதால் வண்டி எதற்கும் ஆகாமல் போய்விட்டது, வெட்டாமல் எடுத்திருக்க முடியாதா என்று கேட்டான். சார் அவனுக்குத் தேநீர் வரவழைத்தார்.

"எடுத்திருக்கலாம். ஆனா உனக்க அண்ணி இனி நடந்திருக்க மாட்டாவ," என்றார். "இப்போ நடக்கியாவளா?"

நடக்கிறார்கள் என்றான். தேநீரைக் குடித்துவிட்டுப் போனான்.

பாஸ்கரன் சார் ஏற்படுத்திய இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து எல்லை வேலி போட்ட எல்லை இல்லை. ஒரு கடை கேரளத்தில் இருக்கும், எதிர்க்கடை தமிழ்நாட்டில் இருக்கும். பனச்சமூட்டில் நின்று அவசர எண்ணை அழுத்தினால், அந்த நேரம் எந்தப் பக்கத்துக் கோபுரம் பிடிக்கிறதோ அந்த மாநிலத்தில் மணி அடிக்கும். எடுப்பவர் இடத்தைக் கேட்டு, அது தங்கள் எல்லை இல்லை என்று கண்டு, மறுபக்கத்துக்குச் சொல்லி முடிப்பதற்குள் தீ கூரையில் ஏறிவிடும். அதனால் சார் அக்கரையில், தமிழ்நாட்டுப் பக்கம் இருந்த நிலையத்தாரோடு பேசி ஒரு முடிவுக்கு வந்தார். யார் காதில் முதலில் விழுகிறதோ அவர்கள் வண்டியை எடுத்துவிட வேண்டும். எல்லைக்கணக்கைத் திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம். இது எந்த உத்தரவிலும் இல்லை. இரண்டு பக்கமும் ஆட்கள் மாறும்போதெல்லாம் புதியவர்களின் கைபேசி எண் மறுபக்கத்துக்குப் போய்விடும். அப்படித்தான் அக்கரை நிலையத்துச் செல்வராஜ் எனக்கு நண்பரானார். நான் ஓய்வு பெற்ற பிறகும் அவர் எண்ணை அழிக்கவில்லை.

ஜீப்புக்கு வருகிறேன். பெருமழை பெய்த ஒரு வருடம் வெள்ளறடைக்கு மேலே மலைச்சரிவு இடிந்து, மேல்குடியிருப்புக்குப் போகும் பாதை மூடிவிட்டது. எங்கள் பெரிய வண்டி அடிவாரத்தைத் தாண்டவில்லை. அப்போது பழைய ஜீப்புகளோடு ஒரு கூட்டம் வந்து சேர்ந்தது. காட்டுப்பாதையில் வண்டி ஓட்டுவதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள். அதுவரை அவர்களைப் பற்றி எனக்கு நல்ல எண்ணம் இல்லை. சத்தமும் சேறும்தான் என்று நினைத்திருந்தேன். அவர்களுக்குத் தலைவர்போல இருந்தவர் ஜோஸ். சிறிய ரப்பர் தோட்டக்காரர், நல்ல வாய்க்காரர். பெரிய சக்கரம் மாட்டிய புத்தம் புதிய வண்டியில் வந்த ஒருவனைப் பார்த்து, "டயறு பெரிசு, மூள சிறிசு, நீ பின்னால வா," என்றார். அவனும் சிரித்துக்கொண்டே பின்னால் வந்தான்.

ஜோஸ் வேலை செய்த விதம் எனக்குப் பாஸ்கரன் சாரை நினைவூட்டியது. பாதையை முதலில் காலால் நடந்து பார்த்தார். சக்கரத்தின் காற்றைக் குறைத்தார். ஜீப்பின் முன்னால் இரும்புக் கயிற்றைச் சுருட்டி இழுக்கும் உருளை ஒன்று இருக்கும், வின்ச் என்பார்கள். அதில் இழுக்கும்போது கயிற்றின் நடுவில் நனைந்த சாக்கைப் போட்டார். கயிறு அறுந்தால் சாட்டைபோல வீசி ஆளை இரண்டாக்கிவிடும், சாக்கின் கனம் அதைத் தரையில் போடும். கயிறு இறுகி நிற்கும்போது அதன் பக்கத்தில் ஒருவரும் நிற்கக் கூடாது. கைகாட்ட ஒரே ஒரு ஆள்தான். வேறு யார் கத்தினாலும் ஓட்டுபவருக்குக் காது கேட்காது. குடிதண்ணீர் எடுக்கும் ஓடையில் சக்கரத்தை இறக்க மாட்டார். வேலை முடிந்த பிறகு, சக்கரம் பதிந்த தடத்தில் அடுத்த மழை வாய்க்கால் வெட்டிவிடாதபடி கல்லைப் போட்டு நிரவிவிட்டுத்தான் இறங்கினார்கள். எதற்கு இவ்வளவு என்று கேட்டேன்.

"மல நம்மளெ விளிக்கல்ல சாறே. நாமளாக்கும் ஏறி வந்தது," என்றார்.

அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஆதிரா, அரிசி மூட்டைகளோடு உதவிக்கு வந்து ஜோஸின் ஜீப்பில் ஏறினாள். இறங்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். பாலிடெக்னிக் ஒன்றில் வேலை கிடைத்ததும் பழைய ஜீப் ஒன்றை வாங்கினாள். வீட்டில் அவள் அம்மா ஒரு வாரம் பேசவில்லை. எனக்கும் பயம்தான். சாலையோரத்தில் எத்தனையோ பிள்ளைகளை வண்டிக்குள்ளிருந்து எடுத்தவன், தன் பிள்ளை வண்டியை எடுக்கும்போது நிம்மதியாக இருக்க முடியாது. ஆனால் ஜோஸின் கூட்டத்தில் அவள் கற்றதைப் பார்த்திருந்ததால் தடுக்கவில்லை.

இணையத்தில் படம் போடும் அந்தச் சேனல்காரர்கள் ஜோஸைத் தேடித்தான் முதலில் வந்தார்கள். ஒரு காலத்தில் வீட்டு விலைக்கு விற்ற வெளிநாட்டு வண்டிகளைப் பழையதாக வாங்கி, படத்துக்காக நாசம் செய்வது அவர்கள் தொழில். எண்ணெய் இல்லாமல் எஞ்சினை ஓட்டி எரிப்பார்கள். கிரேனில் தூக்கிக் கீழே போடுவார்கள். ஆதிரா ஒரு படத்தை எனக்குக் காட்டினாள். கண்ணாடி நொறுங்கும் சத்தத்துக்கு அவர்கள் சிரித்துக் கை தட்டினார்கள். நான் பாதியில் எழுந்து போய்விட்டேன். அந்தச் சத்தம் கேட்கும்போது உள்ளே இருக்கிறவரின் தலையைப் பிடித்துக்கொண்டு, பயப்படாதே, இது நாங்கள்தான் என்று சொல்லிப் பழகியவன் நான்.

கைவிடப்பட்ட ஒரு பாறைக்குழிக்குள் வண்டியை உருட்டிவிட வேண்டும், பிறகு வெளியே இழுத்துத் தர ஒரு ஜீப் வேண்டும் என்பது அவர்கள் கேட்டது. ஜோஸ் முகத்துக்கு நேரே மாட்டேன் என்றார். ஆதிரா யோசித்தாள். அந்தக் குழித்தண்ணீரில்தான் சுற்று வீடுகள் கோடையில் குளிப்பதும் துவைப்பதும். நாம் போகாவிட்டால் எண்ணெயோடு தள்ளிவிட்டு அப்படியே விட்டுப் போவார்கள் என்றாள். எரிபொருளும் எண்ணெயும் முழுக்க வடித்திருக்க வேண்டும், உள்ளே ஆள் இருக்கக் கூடாது, அன்றைக்கே வெளியே எடுக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தாள். ஒத்துக்கொண்டார்கள்.

அங்கே போனபோது திட்டம் மாறியிருந்தது. உருட்டுவதற்கு முன்னால் குழிக்கு மேலே இருந்த சேற்றில் வண்டியை ஓட்டிச் சேறு பறக்க ஒரு காட்சி வேண்டுமாம். அதற்காக எண்ணெயும் எரிபொருளும் வடிக்காமல் இருந்தது. உள்ளே அனீஷ் என்ற இளைஞன். பொழியூர் என்ற கடலோர ஊர்க்காரன், கூலிக்கு வண்டி ஓட்டுகிறவன். ஆதிரா திரும்பிப் போகத்தான் ஜீப்பைத் திருப்பினாள். அதற்குள் வண்டி சேற்றில் புதைந்துவிட்டது. குழியின் விளிம்பு பக்கத்திலேயே இருந்தது. ஆள் உள்ளே இருப்பதால் விட்டுவிட்டு வர மனமில்லாமல், அந்த வண்டிக்குப் பின்னால் ஜீப்பை நிறுத்தி, வின்ச் கயிற்றை அதன் சட்டத்தில் மாட்டி, சாக்கும் போட்டாள். கியரை விடுவித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திரு, நான் மெதுவாக இழுக்கிறேன் என்று அனீஷிடம் சொன்னாள். அவனும் அப்படித்தான் செய்தான்.

கயிறு இறுகுவதற்கு முன் சேனலை நடத்துகிறவர் கேமராவுக்குப் பின்னாலிருந்து கத்தியிருக்கிறார். ஒரே ஒரு தடவை அழுத்து, சேறு நன்றாகப் பறக்கட்டும் என்று. கூலி கொடுப்பவர் சொல்கிறார். அனீஷ் கியரைப் போட்டு அழுத்தினான். சக்கரம் பிடித்துவிட்டது. வண்டி முன்னால் பாய்ந்தது. பாறை வெட்டியபோது வாரிப் போட்ட மண்தான் அந்த விளிம்பு. அது இடிந்தது. முன்சக்கரங்கள் வெளியே தொங்க, அடிவயிறு பாறையில் தட்டி நிற்க, கயிறு ஜீப்பைச் சற்றுத் தூரம் இழுத்துக்கொண்டு போய், ஆதிரா பிரேக்கை முழுக்க மிதித்த இடத்தில் நின்றது. ஜீப்பின் கைப்பிரேக் பழையது, அந்தக் கனத்தைத் தாங்காது. சேனல்காரரோடு வந்திருந்தவர்கள் ஜீப்பின் சக்கரத்துக்குக் கல் கொடுத்தார்கள். பாறைத்தூள் சேற்றில் கல் வழுக்கிக்கொண்டு போனது.

அனீஷால் பின்பக்கம் ஏறி வர முடியவில்லை. அதற்குக் காரணத்தை இளையவர்கள் கவனிக்க வேண்டும். முன்இருக்கைக்குப் பின்னால் குறுக்கும் நெடுக்குமாக இரும்புக் குழாய்களைப் பற்றவைத்து, வண்டி விழும்போது உள்ளே நடப்பதைப் படம்பிடிக்கக் கேமராக்களை மாட்டியிருந்தார்கள். ஒருவன் உள்ளே இருக்கப்போகிறான் என்று அந்தக் கூண்டைக் கட்டும்போது யாரும் நினைக்கவில்லை. அவனை உட்கார வைக்கும்போது கூண்டு இருப்பதை யாரும் நினைக்கவில்லை. வலப்பக்கக் கதவைத் திறந்தால் ஆகாயம். இடப்பக்கக் கதவு பாறையில் அழுந்தியிருந்தது.

காரக்கோணம் வழியாக நான் காரை ஓட்டிக்கொண்டே செல்வராஜைக் கூப்பிட்டேன். சேனல் ஆட்கள் அவசர எண்ணை அழைத்திருந்தார்கள். அது அக்கரையில் அடித்து, எந்தப் பனச்சமூடு, எந்தப் பக்கம் என்ற கேள்வியில் நின்றிருந்தது.

"செல்வராஜ், இடம் கேரளா பக்கம்," என்றேன்.

"அது கெடக்கட்டும் சார். வண்டி எடுத்தாச்சு. வழி மட்டும் சொல்லுங்க."

வழி சொன்னேன். ஆள் உள்ளே எப்படி மாட்டியிருக்கிறான் என்று ஆதிரா சொன்னதைச் சொன்னேன். ஜீப்பில் இருப்பது யார் என்பதைக் கடைசியில்தான் சொன்னேன். நீங்கள் மெதுவாக ஓட்டுங்கள் என்றார். நம் பக்கத்து நிலையத்துக்கும் சொன்னேன். கிரேன் வேண்டும் என்று கேட்டேன்.

ஆதிராவின் எண்ணை அழுத்தக் கை போனது. அழுத்தினால் என்ன சொல்வேன் என்று எனக்குத் தெரியும். ஜீப்பை விட்டுக் குதி என்றுதான் சொல்வேன். எந்த அப்பனும் அதைத்தான் சொல்வான். நான் சொன்னால் அவள் கேட்டுவிடவும் கூடும். கைபேசியைப் பின்இருக்கையில் எறிந்தேன்.

அங்கே இறங்கியதும் நடந்தேன். ஓடியிருந்தால் அவள் என் முகத்தைப் பார்த்துப் பயந்திருப்பாள். ஜீப்பை ஒருமுறை சுற்றினேன். அவள் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைத் தொடவில்லை. பின்னால் அவள் வைத்திருந்த, வண்டி இழுக்கும் அகலமான நாடாவை எடுத்து, ஜீப்பின் பின்கொக்கியிலிருந்து மேட்டில் நின்ற அயினி மரத்தின் அடியில் கட்டினேன். அது ஜீப் நழுவாமல் இருக்க ஒரு துணைதான். தொங்கும் வண்டி எவ்வளவு கனம் என்று எனக்குத் தெரியாததால் காலை எடுக்கச் சொல்லவில்லை. சாக்கை மீண்டும் நனைத்துக் கயிற்றில் போட்டேன்.

கயிற்றின் இரண்டு பக்கமும் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூட்டம் நின்றது. எல்லோரையும் மேட்டுக்கு ஏற்றினேன். சேனல்காரர் மட்டும் நகரவில்லை.

"எங்க படப்பிடிப்பெ தடுக்க நீங்க ஆரு சாறே?"

என்னிடம் சீருடை இல்லை, பதவி இல்லை. "ஜீப்பில இருக்க பிள்ளைக்க அப்பனாக்கும்," என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மேட்டில் ஏறினார்.

அனீஷ் அசைந்தால் வண்டி அசையும். அவனைப் பேச வைத்துக்கொண்டிருப்பதுதான் நான் செய்யக்கூடியது. பாறையில் குப்புறப் படுத்து, கை மட்டும் போகும் அளவுக்கு உடைந்த பக்கக் கண்ணாடி வழியாக அவன் ஊரைக் கேட்டேன். பொழியூர் என்றான். கடல் எப்படி இருக்கிறது என்றேன்.

"எங்க வீட்டுப் படி வரெ வந்தாச்சு சாறே," என்றான். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, "கடல்ல போவாம கல்லுவெட்டாங்குழியில போனேன்னு கேட்டா எங்க ஊரில ஆளுவ சிரிப்பினும்," என்றான்.

அவன் அதைச் சொன்ன பிறகுதான் இவன் பிழைப்பான் என்று நம்பினேன்.

செல்வராஜ் வந்ததும் நான் பார்த்ததை வரிசையாகச் சொல்லி ஒப்படைத்தேன். இனி அவர் பொறுப்பு. அவர் என்னை மேட்டுக்குப் போகச் சொல்லவில்லை. "சார், நீங்க பிள்ளைகிட்ட நில்லுங்க," என்று மட்டும் சொன்னார். அவருடைய ஆட்கள் தொங்கும் வண்டியின் பின்அச்சிலிருந்து இன்னும் இரண்டு கயிறு கட்டினார்கள். பின்கண்ணாடியில் போர்வையைப் போர்த்தி உடைத்தார்கள். வெட்டும் கருவியை எடுத்தபோது சேனல்காரர் மேட்டிலிருந்து இறங்கி வந்தார். பின்பக்கத்தை வெட்ட வேண்டாம், வெட்டிய வண்டி பிறகு விழும்போது படத்தில் நன்றாக இருக்காது என்றார்.

செல்வராஜுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்துவிட்டார்.

"எலே, உடைக்கத்தானே கொண்டுவந்த? தள்ளி நில்லு."

பின்கதவை அறுத்தார்கள். கேமராக் குழாய்களை ஒவ்வொன்றாக அறுத்தார்கள். ஒல்லியான வீரர் ஒருவர் இடுப்பில் கயிறோடு உள்ளே ஊர்ந்து போனார். இப்போது சத்தம் வரும், அது நாங்கள்தான் என்று அவர் அனீஷிடம் சொல்வது ஜீப்புக்குப் பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது. அவருக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியாது. அனீஷின் வலதுகால் எலும்பு முறிந்திருந்தது. பலகையில் கட்டிப் பின்வழியாக இழுத்து எடுத்தார்கள். அதே நேரம் நம் பக்கத்து வண்டியும் கிரேனும் வந்து, அந்த வண்டியைத் தாங்கிக்கொண்டன.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வழக்கு நடக்கிறது. சேனல்காரர்கள் நாங்கள் வருவதற்கு முன் எடுத்த பகுதியை மட்டும் வெட்டிப் படமாகப் போட்டார்கள். வண்டி விழவே இல்லையே, ஏமாற்றிவிட்டீர்கள் என்று பார்த்தவர்கள் அதன் கீழே எழுதியிருக்கிறார்கள். எழுதியவர்களும் யாரோ வீட்டுப் பிள்ளைகள்தான். ஆதிராவும் நானும் சாட்சி சொல்லப் போகிறோம். சேனல்காரரின் ஆள் இரண்டு தடவை வீட்டுக்கு வந்து, எதற்கு வீண் அலைச்சல் என்று நயமாகப் பேசினார். தேநீர் கொடுத்து அனுப்பினோம். போகிறோம் என்றால் போகிறோம். பாறைக்குழிக்கு வேலி கேட்டு ஜோஸ் பஞ்சாயத்துக்கு நடந்துகொண்டிருக்கிறார். கூடவே நானும் நடக்கிறேன்.

ஜீப்பை விற்றுவிடலாமா என்று ஆதிரா கேட்டாள். அவள் அம்மாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வேண்டாம் என்று அவள் அம்மாதான் சொன்னாள். ஆதிரா கைப்பிரேக்கை மாற்றிவிட்டு ஜோஸின் கூட்டத்தோடு மலைக்குப் போனாள். பின்இருக்கையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நானும் போனேன். பிரேக் கிறீச்சிடும்போதெல்லாம் இப்போதும் என் கண் அவள் காலைத்தான் பார்க்கிறது. அந்தப் பயம் போகாது என்று நினைக்கிறேன். அதற்காக இறங்கப் போவதில்லை.

இளையவர்களிடம் நான் சொல்லக்கூடியது, வெட்டத் தயங்காதீர்கள் என்பதுதான். வண்டி யாருடையது, என்ன விலை, யார் பார்க்கிறார்கள், எந்த மாநிலம் என்பதெல்லாம் பிறகு. அன்று சாயங்காலம் ஜீப்பில் நடந்தது மட்டும் இன்னும் பாக்கி இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

கிரேன் கனத்தை ஏற்றுக்கொண்டதும் செல்வராஜ் ஜீப்பின் கயிற்றைக் கழற்றச் சொன்னார். கயிறு தளர்ந்து தரையில் விழுந்தது. "முடிஞ்சு மக்கா, காலெ எடு," என்றேன். ஆதிரா கேட்டாள், தலையை ஆட்டினாள், ஆனால் காலை எடுக்கவில்லை. மறுபடி சொன்னேன். எடுக்கிறேன் அப்பா என்றாள். கால் வரவில்லை. செல்வராஜ் வந்து, இனி ஜீப் எங்கும் போகாது, நான் எழுதித் தரட்டுமா என்று சிரிக்க வைக்கப் பார்த்தார். அவள் கண் அந்தத் தொங்கும் வண்டியைவிட்டு நகரவில்லை. அது காலியாகிவிட்டது என்று சொன்னதை அவள் உடம்பு நம்பவில்லை. பிடித்துத் தூக்கலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம் என்றேன்.

ஆம்புலன்சுக்குப் போகும் வழி ஜீப்பைத் தாண்டித்தான். பலகையைத் தூக்கி வந்தவர்களை அனீஷ் நிறுத்தச் சொன்னான். அவர்கள் அவனை ஜீப்பின் கதவு உயரத்துக்கு உயர்த்திப் பிடித்தார்கள். முகமெல்லாம் சேறு. கழுத்தைத் திருப்ப முடியாததால் மேலே பார்த்துக்கொண்டே, கையை மட்டும் நீட்டி ஸ்டீயரிங்கின் மேல் இருந்த அவள் கையைத் தொட்டான்.

"சேச்சி, நான் எறங்கியாச்சு," என்றான். "இனி நீங்க எறங்குங்க."